கிடைக்கவில்லை என்று எழுதியவள்

பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் எடுக்க ஒரு வரிசை, திருப்பிக் கொடுக்க ஒரு வரிசை, உறுப்பினர் அட்டைக்கு ஒரு வரிசை என்று மூன்று வரிசைகள் உண்டு. மூன்றிலும் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம், முதல் மாடியில் படிக்கட்டுக்கு நேரெதிரே இருந்த மேசை. மேலே ‘தகவல் உதவி’ என்று பலகை தொங்கியது. அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. “பத்து நிமிஷம் அக்காகிட்ட போய்க் கேளு” என்றுதான் மாணவர்கள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டார்கள்.

எதைக் கேட்டாலும் அக்கா முதலில் சொல்வது, “ஒரு பத்து நிமிஷம் இருங்க.” பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அந்தப் பத்து நிமிஷம் சிலருக்குப் பத்து நாளாக நீண்டதும் உண்டு, ஒருவருக்கு ஏழு மாதம் ஆனதும் உண்டு. ஆனால் பிடித்தால் உடும்புப் பிடிதான், விடமாட்டாள்.

அவளுக்கு அந்த மேசை கிடைத்த கதையே வேடிக்கை. அதற்கு முன் எட்டு வருடம் பட்டியலிடும் அறையில் உட்கார்ந்து, வருகிற புத்தகங்களுக்கெல்லாம் எண் போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்தவர் ஓய்வு பெற்றதும் அங்கே போக ஒருவரும் தயாராக இல்லை. புத்தகம் எதிர்த்துப் பேசாது, மாணவன் பேசுவான் என்பது நூலக ஊழியர்களின் பயம். எந்த அலுவலகத்திலும் வாய் திறக்காதவர் தலையில்தானே எதுவும் விடியும்? அக்கா தலையில் விடிந்தது.

முதல் வாரமே ஒருவன் வந்து, போன வருடம் ஜன்னலோரம் இருந்த சிவப்பு அட்டைப் புத்தகம் வேண்டும் என்றான். தலைப்பும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. இன்னொருத்தி தண்ணீரைப் பற்றி இருப்பதையெல்லாம் கொடுங்கள் என்றாள். அக்கா அவளை உட்காரவைத்து, குடிக்கிற தண்ணீரா, வயலுக்குப் பாய்கிற தண்ணீரா, குழாயில் வராத தண்ணீரா என்று கேட்டாள். மூன்றாவதுதான். அடுக்குமாடி வீடுகளில் தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கிற பெண்கள் தங்களுக்குள் எப்படி முறை வைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அந்தப் பெண்ணின் ஆய்வு. கேட்பது ஒன்று, தேவைப்படுவது இன்னொன்று என்பதும், நடுவில் இருக்கிற தூரத்தை நடந்து கடப்பதுதான் இந்த மேசையின் வேலை என்பதும் அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. அதன் பிறகு யாராவது பதவி உயர்வோடு வேறு பிரிவுக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டேன் என்றாள்.

புதன்கிழமைகளில் புதிய ஆய்வு மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தாள். கேள்வியை எப்படிச் சின்னதாக வெட்டிக்கொள்வது, ஒரு சொல்லில் கிடைக்காததை வேறு எந்தச் சொல்லில் தேடுவது, ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்தால் அதன் கடைசியில் உள்ள நூல் பட்டியலைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பின்னோக்கி ஏறுவது, எல்லாம் சொல்லித் தருவாள். எடுத்தது தப்பில்லை, எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லாததுதான் தப்பு என்பாள். முதல் வரிசையில் தூங்குகிறவர்களை எழுப்பமாட்டாள். தேடிக் களைத்து எப்படியும் மேசைக்கு வருவார்கள் என்று தெரியும்.

இந்த வகுப்பு, வழிகாட்டல் எல்லாவற்றுக்கும் அடியில் அவள் ஒரு காரியம் செய்துவந்தாள். அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவள் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது அதுதான். மேசைக்கு வருகிற ஒவ்வொரு கேள்வியையும் நீள நோட்டில் எண் போட்டு எழுதுவாள். கேட்டது என்ன, எங்கே தேடினேன், கிடைத்ததா. சாயந்திரம் மேசையைப் பூட்டும்போது எது கிடைக்கவில்லையோ அதற்கு நேரே ‘கிடைக்கவில்லை’ என்று பேனாவால் எழுதிவிடுவாள். பென்சில் கிடையாது.

ஆனால் தேடல் அங்கே நிற்காது. வேறு பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுதிப் போடுவாள், கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புவாள், கிடங்கில் இறங்கித் தும்மித் தும்மித் தேடுவாள். நான்கு நாளிலோ நாற்பது நாளிலோ கிடைத்ததும் அந்த மாணவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, நோட்டில் அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுவாள்: எத்தனையாவது நாள், எந்த வழியில், முதல் நாள் ஏன் தப்பியது. முன்பக்கத்தில் இருந்த ‘கிடைக்கவில்லை’யை மட்டும் அடிக்கவே மாட்டாள். அதை அடித்துவிட்டால் முதல் நாள் எங்கே கோட்டைவிட்டோம் என்பது மறந்துபோகும் என்பது அவள் வாதம். பக்கத்து மேசைக்காரர், “அவனவன் செஞ்சத ரெண்டா எழுதறான், நீ செஞ்சதையும் பின்னாடி ஒளிச்சு வைக்கிற” என்று கிண்டல் செய்வார். அக்கா சிரித்துக்கொள்வாள். பதினோரு வருடத்தில் பதினேழு நோட்டு சேர்ந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். அக்காவின் கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். அமைதியானவர், யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். அவருக்கு ஒரே தங்கை. அவளை வீட்டில் எல்லோரும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது, கல்லூரியில் நூலக அறிவியல் பாடம் நடத்துகிறாள், அவளைக் கண்டால் மாணவர்கள் நடுங்குவார்களாம். இருந்தாலும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றினால் பாப்பாதான். அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு இங்கேதான்.

நாத்தனாரும் அண்ணியும் என்றால் ஊர் எதிர்பார்ப்பது ஒன்று. இவர்கள் அப்படி இல்லை. பாப்பா பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ததும், அண்ணிதான் அவளுக்கு மேசை, வகுப்பு, கிடங்கு எல்லாம். முதல் முதலில் அவள் கேட்டது, நூலகத்துக்கு வருகிறவர்களின் தேடும் திறனை அளக்கும் கேள்வித்தாள் ஒன்று அடங்கிய பழைய அறிக்கை. அச்சில் இல்லை, இணையத்தில் இல்லை. பத்தொன்பதாம் நாள், அதை எழுதியவரின் பழைய சக ஊழியரிடமிருந்து ஒரு நகல் வாங்கிக் கொடுத்தாள் அண்ணி. பாப்பாவின் ஆய்வே அந்தக் கேள்வித்தாளின் மேல்தான் எழும்பியது. பாப்பா மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும் வழக்கமில்லாதவள் என்பதால், அவள் தலைப்பில் புதிதாக எந்தக் கட்டுரை வந்தாலும் தன் அஞ்சலுக்கே அறிவிப்பு வரும்படி அண்ணி ஏற்பாடு செய்துவைத்தாள்.

ஆய்வு மூன்றாவது வருடத்தில் சிக்கிக்கொண்டது. கேள்வித்தாள் கொடுத்தால் மாணவர்கள் நிரப்பித் தருவதில்லை. தரவு இல்லை. பதிவுக் காலம் முடிய ஒன்றரை வருடம்தான் இருந்தது, அதற்குள் முடிக்காவிட்டால் எல்லாம் போச்சு, பதவி உயர்வும் போச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பா சாப்பாட்டு மேசையிலேயே அழுதாள். அப்போதுதான் அக்கா, யாரும் கேட்காமலே, என்னிடம் பதினேழு நோட்டு இருக்கிறது, எடுத்துக்கொள் என்றாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் அதுதான், ஆனால் அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

அடுத்த ஞாயிறு நோட்டுகளை மேசையில் பரப்பி, முன்பக்கம் என்றால் என்ன, பின்பக்கம் என்றால் என்ன என்று அக்கா பொறுமையாக விளக்கினாள். பின்பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு முழுசாகும், முன்பக்கத்தை மட்டும் எடுத்தால் தப்பான முடிவு வரும் என்று இரண்டு தரம் சொன்னாள். பாப்பா குறித்துக்கொண்டாள். கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, “நம்ம கல்யாணம் மாதிரின்னு சொல்லு. மொத நாள் உங்க வீட்ல முடியாதுன்னுட்டாங்க, நாப்பதாம் நாள் சரின்னாங்க. நானும் பின்பக்கம்தான்” என்றார். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நோட்டுகளை இரண்டு பைகளில் போட்டு அவரே தன் வண்டியில் கொண்டுபோய்த் தங்கை வீட்டில் இறக்கினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை. மேசையில் தேநீரை வைத்துவிட்டு அக்கா அஞ்சலைத் திறந்தாள். தானே ஏற்பாடு செய்துவைத்த அறிவிப்பு வந்திருந்தது: புதிய கட்டுரை ஒன்று. எழுதியவர்கள் இருவர், பாப்பாவும் அவளுடைய நெறியாளரும். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் வீட்டுப் பெண்ணின் கட்டுரை என்று பக்கத்து மேசைக்காரரைக்கூடக் கூப்பிட்டுவிட்டாள். அவர் எழுந்து வருவதற்குள் கட்டுரையைப் புரட்டத் தொடங்கினாள்.

நான்காவது அட்டவணையில் நின்றாள். உதவி மேசைக்கு வந்த கேள்விகள் நாலாயிரத்துச் சொச்சம். அதில் நூற்றுக்கு நாற்பத்தொன்று ‘இறுதிவரை பதில் கிடைக்காதவை’. ஆளைவைத்து நடத்தும் உதவி மேசை பயனற்றது, அதற்குப் பதில் தானாகப் பதில் சொல்லும் கணினித் திரை வைக்கலாம் என்று பரிந்துரை. நன்றி சொல்லும் இடத்தில் ‘பதிவேடுகளைத் தந்துதவிய நூலகத்துக்கு’ என்று இருந்தது. பின்பக்கம் என்ற சொல் கட்டுரை முழுக்க எங்கேயும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் வந்து நின்று என்னம்மா என்றார். ஒன்றுமில்லை, வேறு யாரோ அதே பெயரில் என்றாள் அக்கா.

தலைமை நூலகருக்கோ, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. அந்தக் கணினித் திரையின் விளம்பரத் தாளை ஆறு மாதமாக அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். கட்டுரையைக் காட்டி நூலகக் குழுவில் தீர்மானம் போட்டார்கள்: உதவி மேசையை நிதியாண்டு முடிவில் மூடுவது, அக்காவைப் பழைய இதழ்களுக்கு அட்டை கட்டும் பிரிவுக்கு மாற்றுவது. மாற்றல் கடிதத்தில் ‘சேவைத் தரம் குறித்த ஆய்வு முடிவுகளின் அடிப்படையில்’ என்று ஒரு வரி இருந்தது. அட்டை கட்டுவது அக்காவுக்குப் பெரிதில்லை. அந்த வரிதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பதினோரு வருடம் உழைத்ததற்கு, வேலை தெரியாதவள் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயந்திரமே பாப்பா வீட்டுக்குப் போனாள். கணவரும் கூடவே வந்தார். பாப்பா முதலில், அது உங்களைப் பற்றியது இல்லை அண்ணி, அமைப்பைப் பற்றியது என்றாள். பிறகு, நெறியாளர் அவசரப்படுத்தினார், பின்பக்கத்தையும் தட்டச்சு செய்ய நேரம் இல்லை என்றாள். பிறகு உண்மை வந்தது. பின்பக்கத்தையும் சேர்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கிடைத்துவிடுகிறது, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுத யாராவது பட்டம் தருவார்களா, அதில் கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது என்று நெறியாளர் கேட்டாராம். அக்கா நோட்டுகளைத் திருப்பிக் கேட்டாள். அவை தலைமை நூலகர் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டு, ஸ்கேன் செய்யப்பட்டு, பழைய காகிதத்தோடு கழிவுக்குப் போய்விட்டன. ஸ்கேன் செய்தவரிடம் முன்பக்கம் மட்டும் போதும் என்று சொன்னது பாப்பா.

அக்கா ஒன்றும் கத்தவில்லை. ஆய்வேட்டிலாவது திருத்து என்றாள். பாப்பா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, திருத்திவிடுகிறேன், சத்தியம் என்றாள். திரும்பி வரும் வழியில் கணவர், “திருத்திடுவா. நம்ம பாப்பாதானே” என்றார். அக்கா நம்பினாள். இத்தனை வருடமாகத் தன் கையால் சாப்பிட்டவளை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

வாய்மொழித் தேர்வுக்கு முன் ஆய்வேட்டின் ஒரு படி நூலகத்தில் இரண்டு வாரம் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கம். அது வைக்கப்படும் இடம் அக்காவின் மேசைதான். மூடப்போகிற மேசையில், அதை மூடவைத்த ஆய்வேடு, நீல அட்டை போட்டு வந்து உட்கார்ந்தது. அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. நான்காம் இயலைத் திறந்தாள். நாற்பத்தொன்று அப்படியே இருந்தது. போதாததற்கு, ஆய்வு முறை பற்றிய பகுதியில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: ‘பின்னர் கிடைத்த பதில்கள் குறித்துப் பதிவேட்டில் குறிப்பு எதுவும் இல்லை.’ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தாள் பாப்பா, அதுவும் அண்ணி போட்ட சோற்றில்.

அந்த இரண்டு வாரமும் அக்கா அதை வரி விடாமல் படித்தாள், தேடுவதுதானே அவள் தொழில். பின்னிணைப்பில் நாலாயிரம் கேள்விகளும் எண் வரிசையில் அச்சாகியிருந்தன. ஐந்தாம் நாள் ஒன்று கண்ணில் பட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை. இருந்தாலும் அதைக் கையில் எடுக்க அவளுக்கு மனமில்லை. சபையில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன், பாப்பா உண்மையைச் சொன்னால் அத்தோடு உட்கார்ந்துவிடுவேன் என்று முடிவு செய்தாள். கணவரிடம் சொன்னாள். அவர், உன் இஷ்டம் என்றார்.

தேர்வு நாளன்று கருத்தரங்க அறையில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் தேநீருக்காக வந்தவர்கள். வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் மெலிந்த உருவம், கழுத்தில் சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடி. பாப்பா நன்றாகப் பேசினாள். படங்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. கடைசியில் அவையினர் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். இரண்டு மாணவிகள் முன்பே எழுதிக்கொடுத்த இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். நெறியாளர் நன்றி சொல்ல எழுந்தபோது, கடைசி வரிசையில் கணவருக்குப் பக்கத்திலிருந்து அக்கா எழுந்து நின்றாள்.

அந்த நோட்டுகளின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். அவ்வளவுதான் கேள்வி.

பாப்பா தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். “பின்பக்கத்துல எதுவும் எழுதலை, மேடம்” என்றாள்.

நாத்தனார் வாயில் தான் மேடம் ஆன நாள் அது. தேர்வாளர் அம்மாள் அக்காவைப் பார்த்து நீங்கள் யார் என்று விசாரித்தார். அந்த நோட்டுகளை எழுதியவள் என்றாள் அக்கா. நோட்டுகள் இப்போது எங்கே என்றார். கழிவுக்குப் போய்விட்டன என்றதும் அவர் முகம் சுருங்கியது. உங்களைத் தவிர வேறு யாராவது அந்தப் பின்பக்கங்களைப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார்.

“பாத்தவர் இங்கேயே இருக்கார்மா” என்று அக்கா பக்கத்தில் திரும்பினாள். அவள் குரலில் அப்போது ஒரு தெம்புகூட வந்திருந்தது. “நீங்க சொல்லுங்க. நான் விளக்கினப்போ நீங்களும் இருந்தீங்க. நம்ம கல்யாணத்தச் சொல்லிச் சிரிச்சீங்களே.”

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேடையிலிருந்து தங்கையும் பார்த்தாள். கணவர் மெதுவாக எழுந்தார், சட்டையின் முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லீங்க” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே அவள் புடவையின் ஓரத்தை இழுத்து, போதும், உட்கார் என்று முணுமுணுத்தார்.

அக்கா உட்காரவில்லை. நாத்தனார் பொய் சொன்னபோது வலித்ததுதான். ஆனால் அதற்கு அவள் எப்படியோ தயாராகி வந்திருந்தாள். இதற்குத் தயாராகி வரவில்லை. இருபத்தொரு வருடம் ஒரே கூரைக்கடியில் இருந்த மனிதர், அவ்வளவு பேர் முன்னால், அவளைப் பொய்க்காரி என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். புடவையை அவர் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு, முன்வரிசை வரை நடந்து போனாள்.

“அம்மா, பின்னிணைப்புல ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினாறாவது கேள்வியப் பாருங்க” என்றாள்.

தேர்வாளர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். வாசகர்களின் தேடும் திறனை அளக்கும் கேள்வித்தாள் அடங்கிய அறிக்கை, முடிவு: இறுதிவரை கிடைக்கவில்லை என்று வாய்விட்டுப் படித்தார்.

“இப்ப துணைநூற்பட்டியல்ல பதினாறாவது நூல்.”

புரட்டினார். அதே அறிக்கை. அதே ஆண்டு. அவர் பாப்பாவைப் பார்த்து, இறுதிவரை கிடைக்காத ஒரு அறிக்கையை நீங்கள் எப்படிப் படித்தீர்கள், உங்கள் ஆய்வின் கேள்வித்தாளே இதிலிருந்து எடுத்தது என்று இரண்டாம் இயலில் எழுதியிருக்கிறீர்களே, இதை எங்கிருந்து வாங்கினீர்கள் என்று கேட்டார். பாப்பா நெறியாளரைப் பார்த்தாள். நெறியாளர் ஜன்னலைப் பார்த்தார்.

“நான் குடுத்தேன்மா. பத்தொன்பதாம் நாள்” என்றாள் அக்கா.

அதன் பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, நான்காம் இயலை முழுவதும் மாற்றி ஆறு மாதத்துக்குள் மறுபடி சமர்ப்பிக்கச் சொன்னார்கள். கட்டுரை வந்த இதழுக்கும் தேர்வாளர் அம்மாள் எழுதிப் போட்டார். நூலகக் குழு போட்ட தீர்மானத்தைத் திரும்பப் பெறும் வழக்கம் அந்தப் பல்கலைக்கழகத்தில் கிடையாது. அதனால் தீர்மானத்தைக் ‘கிடப்பில் வைப்பதாக’ இன்னொரு தீர்மானம் போட்டார்கள். மேசை அங்கேயே இருந்தது. கணினித் திரையும் வந்துவிட்டது, மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மாணவர்கள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புவார்கள். “ஒரு பத்து நிமிஷம் இருங்க” என்பாள் அக்கா. புது நோட்டு வாங்கிவிட்டாள். எழுதும் முறையை மாற்றவில்லை.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது. பாப்பாவின் மேல் இருந்த கோபம் மூன்று மாதத்தில் ஆறத் தொடங்கியது. பட்டத்துக்குப் பயந்தாள், பொய் சொன்னாள், அகப்பட்டுக்கொண்டாள், தீர்ந்தது. கணவரைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே. யோசித்து யோசித்துக் கடைசியில் அவளே அவருக்காக ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். மனுஷனுக்கு உண்மையிலேயே மறதி. குடையை அலுவலகத்தில் மறப்பார், பல் வைத்தியரிடம் போகிற நாளை மறப்பார், ஒரு தரம் கல்யாண நாளையே மறந்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் போகிறபோக்கில் அடித்த ஒரு வேடிக்கை ஒரு வருடத்துக்கா நினைவிருக்கப்போகிறது? அத்தனை பேர் பார்க்க எழுப்பிவிட்டால் இருப்பதும் மறந்துபோகும். இப்படி நினைக்க நினைக்க அது மெல்லக் கெட்டிப்பட்டது. மறுபடி அவருக்குத் தட்டு வைத்தாள். மறுபடி அவர் பேச்சுக்குச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரரிடமே ஒரு நாள், அவர் பாவம், நான்தான் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட்டேன் என்று சொன்னாள்.

தேர்வு முடிந்து நாலு மாதம் ஆனது. ஒரு விடுமுறை நாள் காலையில் அக்கா கொடியிலிருந்து துணிகளை எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் வாசலில் நின்று, பாப்பாவுக்கு மறுதேர்வுத் தேதி வந்துவிட்டது, வருகிற இருபதாம் தேதி என்றார். நோட்டுகள் கழிவுக்குப் போகுமுன் எண்ணிவைத்திருந்த அண்ணியின் பின்பக்கக் கணக்கை முழுவதும் சேர்த்துவிட்டாளாம், தொண்ணூறு என்றே எழுதியிருக்கிறாளாம், நன்றி பகுதியில் பெயர் போட்டிருக்கிறாளாம். அக்காவுக்கு மனசு லேசானது.

“நல்லா முடியட்டும். நீங்க போய்ட்டு வாங்க” என்றாள். இத்தனை நாளும் பேசாமல் இருந்ததைக் கொஞ்சம் சிரிப்பாகவே பேசிவிடலாம் என்று தோன்றியது. “தேதிய எங்கயாவது எழுதி வச்சுக்குங்க. உங்களுக்குத்தான் எதுவும் ஞாபகம் இருக்காதே.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தெரியாமல் மடித்தார்.

“ஞாபகம் இருந்துச்சு” என்றார்.

“எது?”

“அன்னைக்கு. நீ திரும்பிக் கேட்டப்ப. எல்லாமே ஞாபகம் இருந்துச்சு.”

மனதில் இருந்த பாரத்தை இறக்கிவைத்துவிட்ட மாதிரி அவர் முகம் தெளிந்திருந்தது. இத்தனை மாதம் கழித்தாவது உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதி அவருக்கு. அக்கா கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள், அதன் மேல் இன்னொன்றை வைத்தாள். அவருடைய மறதியை நம்பித்தான் அவள் அந்த வீட்டில் சமைத்தாள், சிரித்தாள், விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள். அதையும் அவர் பிடுங்கிக்கொண்டார்.